கை வராத பிள்ளை

"இவளுக்குக் கை வராதுங்க ஐயா. பேரை அடிச்சிடுங்க."

பெற்ற மகளைப் பற்றித்தான் பெரியநாயகி இப்படிச் சொன்னாள். அதுவும் தோட்டத்து ஆபீஸ் வாசலில், ரப்பர் பாலை எடை போட்டுவிட்டு நின்ற அத்தனை பேருக்கும் முன்னால்.

மகள் ராஜம்மா தலை குனிந்து நின்றாள். வயது பதினைந்து. பால் கத்தி பிடித்து மூன்று மாதம்தான் ஆகிறது. அன்று காலை அவள் சீவிய நிரையில் பன்னிரண்டு ரப்பர் மரங்களுக்குக் காயம். பட்டையைத் தாண்டிக் கத்தி கட்டை வரைக்கும் இறங்கியிருந்தது.

"நான் பாத்துத்தாம்மா சீவினேன். எப்படி ஆச்சுன்னே தெரியல."

"வாயை மூடு. வெங்காயம்கூட ஒழுங்கா அரியத் தெரியாது ஐயா இவளுக்கு."

வரிசையில் நின்ற பெண்கள் முகம் சுளித்தார்கள். அவள்மேல் அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு பழைய கோபம் இருந்தது.

தோட்டப் பள்ளியில் ஆறாவது வரை ராஜம்மாதான் முதல். அதற்கு மேல் அங்கே வகுப்பு இல்லை, புல்வெட்டு வேலைதான் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தையல், தச்சு, தாதி வேலை எல்லாம் கற்றுத்தர மலாக்காவில் புதுப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தபோது, வாத்தியார் எழுதிக்கொடுத்த முதல் பேரும் அவளுடையதுதான். தோட்ட மேனேஜர் துரை ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். காட்டிலே கம்யூனிஸ்ட்காரர்கள், நாட்டிலே அவசரகாலம், ஆள் பற்றவில்லை, செக்ரோல் பதிவேட்டில் பேர் உள்ள யாரையும் விட முடியாது என்றார்.

ராஜம்மா மூன்று நாள் சாப்பிடாமல் அழுதாள். பெரியநாயகி ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. நாலாம் நாள் கையில் கத்தியைக் கொடுத்து மரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

இப்போது அந்த வேலைக்கும் உலை வைக்கிறாள்.

ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"கை வராததா, இல்ல மலாக்காவுக்கு விடலைன்னு வேணும்னே பண்ணினதா? மரத்தை வெட்டிப் போடுறது காட்டு ஆளுங்க வேலைலா. நான் போலீசுக்குச் சொல்லியாகணும்."

வரிசை ஓரடி பின்னால் நகர்ந்தது. அந்த நாளில் போலீஸ் லோரியில் ஏறியவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று கேட்கக்கூட யாருக்கும் தைரியம் கிடையாது.

அப்போதுகூடப் பெரியநாயகியிடமிருந்து மகளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வரவில்லை.

"வேணும்னு செய்யுற அளவுக்கு இவளுக்கு மூளை ஏதுங்க ஐயா? மந்தம். சின்னதுலேருந்தே இப்படித்தான்."

ராஜம்மா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். எந்தத் தாய்க்கும் அப்படி ஒரு பார்வை கிடைக்கக்கூடாது.

"கங்காணி, நீ போய் மரத்தைப் பாத்துட்டு வா. நீ சொல்றதுதான் முடிவு" என்றார் கிராணி.

சாமிக்கண்ணு கங்காணி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். லேசில் திரும்பவில்லை. வெயில் ஏறியது. பக்கத்து வீட்டு இருசம்மாளுக்குப் பொறுக்கவில்லை. பெரியநாயகியின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்.

"நீயெல்லாம் ஒரு தாயா?"

பெரியநாயகி கங்காணி போன பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கங்காணி வந்து சைக்கிளைச் சாய்த்துவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியாமப் போட்ட காயம்தான் ஐயா. கை வராத புள்ள. காட்டு ஆளுங்க வேலை இல்ல."

கிராணி செக்ரோலைத் திறந்து சிவப்பு மையால் ராஜம்மாவின் பேரை அடித்தார். பிறகு மேசை இழுப்பறையைத் துழாவி ஒரு தாளை எடுத்தார்.

"மலாக்கா பள்ளிக்கூடத்துலேருந்து ஆளை அனுப்பு, ஆளை அனுப்புன்னு கடுதாசி மேல கடுதாசி. வேலைக்கு உதவாத பிள்ளை இருந்தா அனுப்புன்னு துரை அன்னைக்கே சொல்லிட்டார். இவ போகட்டும்."

கல்விச் சீர்திருத்தம் அந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த அழகு இதுதான். கெட்டிக்காரப் பிள்ளை மரத்துக்கு, உதவாத பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு.

புறப்பட நாலு நாள் இருந்தது. நாலு நாளும் ராஜம்மா இருசம்மாள் வீட்டில்தான் சாப்பிட்டாள், படுத்தாள். அளந்து கொடுக்கிற அரிசியிலும் இருசம்மாள் அவளுக்கு ஒரு பங்கு வைத்தாள். பைப்படியில் பெரியநாயகி வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

திங்கட்கிழமை காலை. முள்கம்பி வேலி வாசலில் காவல்காரர் ராஜம்மாவின் பையைக் கொட்டிச் சோதித்து, அடையாளக் கார்டைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏறச் சொன்னார். அவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். இருசம்மாளுக்குக் கை காட்டினாள். அம்மா நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

சாமிக்கண்ணு கங்காணி மெல்ல வந்து பெரியநாயகி பக்கத்தில் நின்றார்.

"பன்னெண்டு காயமும் ஒரே ஆழம், தங்கச்சி. ஒரு மரமும் சாகாது, ஆறிடும். மூணு மாசம் பழகின கைக்கு அந்தக் கணக்கு வராது. பக்கத்து நிரை உன்னோடதுதானே?"

பெரியநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் கிளம்ப உறுமியது.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணே. தெரிஞ்சா எறங்கி வந்துடுவா."