இடதுசுழி நத்தைகள்

“தப்பு. குட்டி எந்தப் பக்கம் சுழியும்னு அப்பன் தீர்மானிக்கிறதில்ல. திரும்பச் சொல்லுங்க.”

“ரெண்டும் சேர்ந்து...”

“அதுவும் தப்பு. முட்டை போட்ட தாய்கிட்ட இருக்கற மரபணு மட்டும்தான். எத்தனை தடவை சொல்றது?”

கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி அடுப்படி வாசலில் நின்றான். மனைவி மேடைக்கு அடியில் குந்தியிருந்து, நத்தைத் தொட்டிக்குள் முட்டைக்கோஸ் இலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் இருவரும் விசா நேர்காணலுக்குக் கிளம்ப வேண்டும். நத்தை ஆராய்ச்சியைத் தொடரச் சொல்லி வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்திருந்தது. குடும்பத்தோடு வரலாம். விசா ஒன்றுதான் பாக்கி.

“தாய் மட்டும்தான். தாய் மட்டும்தான்,” என்று முணுமுணுத்தான்.

அவர்களை அழைத்துப்போகக் காரோடு வந்திருந்த அவளுடைய அண்ணன் கூடத்திலிருந்து குரல் கொடுத்தான்.

“மாப்பிள்ளை, வருஷக்கணக்கா இந்த வீட்ல நத்தை ஊருது. நீங்க எந்த வீட்ல இருந்தீங்க?”

“அண்ணா, சும்மா இரு.”

“இல்லம்மா, கேக்கறவன் என்ன நினைப்பான்? நீ வாய்க்கால் சேத்துல காலை வச்சு நின்னப்ப, இவர் கட்டில்ல காலை நீட்டிக்கிட்டு இருந்தார்னு தெரிஞ்சுபோயிடும்ல.”

கணவனுக்குக் காது மடல் சுட்டது. மழை விட்ட மறுநாள் காலைகளில் வாளியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கியவள் அவள். ஒவ்வொரு நத்தை ஓட்டையும் அளந்தவள், படம் எடுத்தவள், சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதியவள், எல்லாம் அவள்தான். அவன் அதை ஒருமுறை மேலோட்டமாகப் புரட்டியிருந்தான். அதுவும் மறந்துவிட்டது.

“உன் வேலையை உன்கிட்டயே மனப்பாடம் பண்ணிக்கிட்டு நிக்கறேன். வெக்கமா இருக்கு.”

“வெக்கப்பட இப்ப நேரமில்ல. அங்க போய் என் வேலை, உன் வேலைன்னு பிரிச்சுப் பேசி வச்சுடாதீங்க.”

“நீயும் பக்கத்துலதான நிப்ப?”

“நிப்பேன். உங்களைக் கேக்கும்போது நான் வாயைத் திறக்க முடியுமா?”

“தெரியாம முழிச்சா?”

“முழிச்சா விசா இல்ல.” அவள் ஒரு நத்தையை எடுத்து உள்ளங்கையில் விட்டாள். இடப்பக்கம் சுழிந்த ஓடு. கொம்புகள் மெல்ல நீளும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். “இங்க எனக்கு ஓடு மட்டும்தான் தெரியுது. அங்க இருக்கற கருவியில முட்டைக்குள்ள பார்க்கலாமாம். எப்ப, எந்த இடத்துல இது திரும்புதுன்னு ஒரே ஒரு தடவை என் கண்ணால பார்த்துடணும். அதுக்காகத்தான் இவ்வளவும்.”

காரில் போகும்போதும் கணவனின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

“ஏதோ மந்திரம் ஜெபிக்கற மாதிரி இருக்கு,” என்றான் அண்ணன். “சாமி வரம் குடுக்குதான்னு பார்ப்போம்.”

யாரும் சிரிக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி கணினியிலிருந்து முகத்தை எடுக்காமல் கேட்டார். “இடப்பக்கம் சுழியற நத்தை ஏன் அபூர்வம்?”

“வலப்பக்கம் சுழியறதோட அதால சேர முடியாதுங்க,” என்றான் கணவன். “உடம்பு ஒத்து வராது. துணை கிடைக்காம வம்சம் அத்துப்போயிடும்.”

“ம். குட்டி எந்தப் பக்கம் சுழியும்னு எது தீர்மானிக்குது?”

“தாயோட மரபணுங்க. தாய் மட்டும்தான்.”

“சரி. இதைத் தெரிஞ்சுக்கிட்டு யாருக்கு என்ன பிரயோஜனம்?”

இது பாடத்தில் இல்லை. பக்கவாட்டில் பார்த்தான். மனைவி தன் கால் விரல்களைப் பார்த்தபடி நின்றாள். கையிலிருந்த ஃபைலை அழுத்திய அழுத்தில் அவள் நகம் வெளுத்திருந்தது.

அதிகாரி முதல் முறையாக நிமிர்ந்தார். “சொல்லுங்க.”

என்றோ சாப்பிடும்போது அவள் சொன்னது ஞாபகம் வந்தது. அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டே ‘உம்’ கொட்டிய பேச்சு.

“சில குழந்தைங்களுக்கு இதயம் வலப்பக்கம் மாறி அமைஞ்சுடுது. ஏன்னு இன்னும் முழுசாத் தெரியல. ஒரு உயிர் தன்னோட இடது எது, வலது எதுன்னு முதல்ல எப்படித் தெரிஞ்சுக்குதுன்னு நத்தை முட்டையில கண்டுபிடிச்சா, அந்தக் குழந்தைங்களுக்கு ஒருநாள் உதவும்.”

வார்த்தை மாறாமல் அவளுடையது. அவள் ஃபைலை அழுத்துவதை விட்டாள்.

“அழகா சொல்றீங்க,” என்றார் அதிகாரி. “நிறைய பேருக்கு இப்படிச் சொல்லத் தெரியறதில்ல. விசா கிடைச்சுடும், போய்ட்டு வாங்க.”

பாஸ்போர்ட்டுகளையும் கணவன் பெயருக்கு வந்திருந்த அழைப்புக் கடிதத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியவர், ஏதோ நினைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, உங்க வீட்டுக்காரர் டாக்டர் பட்டம் வாங்கின ஆராய்ச்சியாச்சே. உங்களுக்கும் இதுல ஏதாவது தெரியுமா?”

“எனக்கு நத்தையைக் கண்டாலே அருவருப்புங்க,” என்றாள் அவள்.

அதிகாரி சிரித்தார். அவனும் சிரித்தான்.