ஓர் ஆள் குறைவு

லிஃப்ட்காரர் கேட்காமலேயே மூன்றாவது மாடி பட்டனை அமுக்கினார்.

“இன்னிக்கு அஞ்சாவதுங்க” என்றார் ஜெராக்ஸ் கடைக்காரம்மா. இந்த அம்மா மீட்டிங்குக்கு வருகிற லட்சணத்தில் லிஃப்ட்காரருக்கே மாடி மறந்துவிட்டது என்று பக்கத்தில் நின்ற குழுத் தலைவர் மனதுக்குள் கறுவினார்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆராய்ச்சியில் ஒரு மாத்திரையின் அளவை மாற்றுவதற்கும் நெறிமுறைக் குழு கூடிச் சம்மதிக்க வேண்டும். எத்தனை டாக்டர்கள் வந்தாலும், பொதுமக்கள் சார்பில் ஒருவர் இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது.

அந்த ஒருவர் இந்த அம்மாதான். போன வாரம் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. இருதய டாக்டரின் மனு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

கூட்டம் கூடியதும் தலைவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். “இந்த ஆராய்ச்சியில யாருக்காவது சொந்தக்காரங்க இருக்காங்களா? இருந்தா சொல்லிடுங்க. கூட்டத்துல உக்காரலாம், கை மட்டும் தூக்கக் கூடாது.”

டாக்டர்கள் இல்லை என்றார்கள்.

“இப்போ இல்லைங்க” என்றார் கடைக்காரம்மா.

இருதய டாக்டர் எழுந்தார். “மாத்திரையைப் பாதியாக் குறைக்கணும். முழு மாத்திரை சிலருக்கு நாடித்துடிப்பை ரொம்ப இறக்கிடுது.”

கைகள் உயர்ந்தன. கடைசியாகக் கடைக்காரம்மாவின் கையும் உயர்ந்தது. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

“இது போன வாரமே முடிஞ்சிருந்தா எட்டாம் நம்பர் பிழைச்சிருப்பார்” என்றார் இருதய டாக்டர். ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களுக்கு அங்கே பெயர் கிடையாது, நம்பர்தான். “அப்போ எனக்கு வெறும் சந்தேகம்தான். நானா குறைக்க முடியலை. மறுநாளே போயிட்டார்.”

தலைவருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “கேட்டீங்களாம்மா? நீங்க ஒருத்தர் வராம ஒரு உசிரு போயிருக்கு. அன்னிக்கு அப்படி என்ன தலைபோற வேலை?”

கடைக்காரம்மாவின் முகத்தில் ஒன்றுமே இல்லை. டீக்கு மேல் ஏடு படிவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்கதான் இருந்தேங்க, மூணாவது மாடி வார்டுல. மீட்டிங்குக்குக் கிளம்பினேன். தலை சுத்துது, போகாதேன்னு எங்க வீட்டுக்காரர் கையை விடலை.”

கடைக்காரம்மா டீயைத் தள்ளி வைத்தார்.

“அவர்தாங்க எட்டாம் நம்பர்.”