பதினேழாம் நம்பர் பாட்டில்

கூட இருந்தே குழி பறிக்கிற ஆள் முகமது ஆசிக்தான் என்று சுசீலா முடிவே கட்டிவிட்டாள்.

பின்னே என்ன? அவள் கணவர் கலியமூர்த்தி ரிட்டயரான பிறகு வீட்டு அடுப்பில் காய்ச்சிய மூட்டுவலி எண்ணெய்க்கு, அயனம்பாக்கம் ஏரிக்கரையில் வாக்கிங் வருகிறவர்களில் பாதிப் பேர் அடிமை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி, பாட்டிலில் அவர் படத்தையே போட்டு விற்கத் தயாராக இருந்தது. அந்த நேரம் பார்த்து, சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று குறுக்கே வந்து நின்றார் ஆசிக்.

ஆவடித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் கலியமூர்த்தி லேத்தில் கடைந்ததை அளந்து பார்த்துப் பாஸ் போட்டவர் ஆசிக். அந்தப் புத்தி வீடு வரைக்கும் வந்துவிட்டது.

"கடைஞ்சவனே அளந்து பாஸ் போடக்கூடாது தங்கச்சி. அது எங்க ஃபேக்டரி சட்டம்" என்றார்.

சுசீலாவுக்கு அது சட்டமாகப் படவில்லை, பொறாமையாகப் பட்டது.

ஆனாலும் சோதனை நடந்தது. மூட்டுவலிக்காரர்கள் நாற்பது பேர், நாற்பது பாட்டில். இருபதில் கலியமூர்த்தியின் எண்ணெய். மற்ற இருபதில் மூலிகை சேராத வெறும் நல்லெண்ணெய், ஆனால் அதே நிறம், அதே கற்பூர வாசனை. சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். எந்த நம்பரில் எது என்ற பட்டியல், ஒட்டிய கவருக்குள் ஆசிக்கிடம் இருந்தது. எட்டு வாரம் அவரவர் வலிக்கு அவரவரே மார்க் போட்டார்கள்.

சுசீலாவுக்கு வந்தது பதினேழாம் நம்பர். முதல் வாரமே முழங்கால் லேசாகிவிட்டது. புருஷனின் கைப்பக்குவம் அவளுக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் வீட்டு ஹாலில் கவரைப் பிரித்தார்கள். கலியமூர்த்தியே மார்க்கைக் கூட்டினார். நம்பாமல் இன்னொரு தரமும் கூட்டினார். அவர் எண்ணெய் தேய்த்தவர்களுக்கு வலி குறைந்திருந்தது. வெறும் எண்ணெய் தேய்த்தவர்களுக்கும் அதே அளவு குறைந்திருந்தது.

சுசீலாவுக்குப் பொறுக்கவில்லை. கணக்கு கிடக்கட்டும், மாடிப்படி ஏறுகிற என் முழங்காலே சாட்சி என்றாள்.

ஆசிக் பட்டியலில் விரலை வைத்தார்.

"பதினேழு வெறும் நல்லெண்ணெய், தங்கச்சி."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த வெட்கமெல்லாம் கோபமாகத் திரும்பியது. அதற்குள் கலியமூர்த்தி போனை எடுத்து, 'என் எண்ணெய் தேறவில்லை, ஒப்பந்தம் வேண்டாம்' என்று கம்பெனிக்கு மெசேஜ் அனுப்பிவிட்டார்.

"நினைச்சதை சாதிச்சிட்டீங்க இல்ல? இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்க" என்றாள் ஆசிக்கிடம்.

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்ச் செருப்பை மாட்டினார்.

"நில்லுடா ஆசிக்" என்றார் கலியமூர்த்தி. இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார் என்று அவள் நினைத்த மனுஷன் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"மூணு மாசமா இவனைக் கரிச்சுக் கொட்டுறியே சுசீலா. டெஸ்ட் வைக்கணும்னு இவன்கிட்ட கெஞ்சினதே நான்தான். உன்கிட்ட சொல்ல பயந்து, பழியை நீ ஏத்துக்கடான்னேன். ஏத்துக்கிட்டான்."

சுசீலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஊர் முழுக்கப் பாட்டிலில் படம் வந்திருந்தால்கூடப் புருஷனை நினைத்து அவளுக்கு இவ்வளவு பெருமை வந்திருக்காது.

பாதி டீ இருந்த டம்ளரைக் கையில் எடுத்தாள்.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்கண்ணே. இது ஆறிப் போச்சு, வேற போடுறேன்."