முதல் நாள் வேலை

“இந்த ஓட்டை பைக்கை நம்பியா வேலைக்குப் போகப்போற?” என்று அவள் அதை வாங்கிய அன்றே கணவன் கேட்டான்.

இன்று வேலையில் முதல் நாள். காலையில் அந்தப் பழைய மின்சார பைக் நகரவே இல்லை. இருவரும் மெக்கானிக்கிடம் தள்ளி வந்தார்கள்.

“வித்தவன் உன் தலையில நல்லா மிளகா அரைச்சிட்டான்,” என்றான் கணவன்.

அவளுக்கும் அதே சந்தேகம்தான். “ஒன்பதுக்குள்ள போகலன்னா வேற ஆளை எடுத்துடுவாங்க அண்ணே!”

மெக்கானிக் மீட்டரை வைத்துப் பார்த்தார். “உள்ள ஏதோ வயர் போயிருக்கும்மா. மூடியைக் கழட்டினாத்தான் தெரியும்.”

“ஒரு பச்சை வயருக்கு இவ்வளவு நேரமாய்யா?” என்று கணவன் சலித்துக்கொண்டான்.

“நான் இன்னும் திறக்கவே இல்லையே சார்!”

திறந்தார். பச்சை வயர் மட்டும் பிளேடால் அறுக்கப்பட்டிருந்தது. ஒட்டியதும் சக்கரம் சுழன்றது.

“பின்னாடி நானும் ஏறிக்கவா?” என்று கணவன் குழைந்தான்.

அவள் அவனை அங்கேயே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.