பெயர் கூப்பிட்டார்கள்

ஒலிபெருக்கியில் பெயர் வந்ததுதான் தாமதம், சன்னாசி எழுந்து நின்று, "இருக்கேங்கய்யா!" என்று கத்திவிட்டார்.

ஈப்போ ரோலர் ஸ்கேட்டிங் அரங்கமே திரும்பிப் பார்த்தது.

கூப்பிட்டது அவரையல்ல. "மங்களம் அனாக் பெரெம்புவான் சன்னாசி" என்று மலாயில் அவர் மகளைத்தான் கூப்பிட்டார்கள். சன்னாசியின் மகள் மங்களம்.

அது அவருக்கும் தெரியும். வாய்க்குத்தான் தெரியவில்லை. முப்பது வருசமாக விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் ஆள் எண்ணும் பெரட்டில் வரிசையில் நின்று, கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிட்டதும் பதில் சொல்லிப் பழகிய வாய் அது. பதில் வராவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. காய்ச்சலோடு போய்ப் பதில் சொல்லியிருக்கிறார். பெண்டாட்டியைப் புதைத்த மறுநாளும் போய்ச் சொல்லியிருக்கிறார்.

முன்வரிசையில் ஒருவன் அவரைப் போலவே விறைத்து நின்று காட்டினான். சிரிப்பு அலையாகப் பரவியது.

"அண்ணே, உக்காருங்கலா! இது பெரட்டு இல்ல."

சட்டையைப் பிடித்து இழுத்தவன் லூயிஸ். சுங்கை சிப்புட்டிலிருந்து தன் லாரியில் அவரை ஏற்றி வந்தவன். சிரிப்பை அடக்க முடியாமல் அவன் தோளும் குலுங்கியது.

சன்னாசி உட்கார்ந்தார். காது இரண்டும் சுட்டன.

கீழே தளத்தின் ஓரத்தில் சிவப்பு உடையில் நின்ற மங்களம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டு வருசத்துக்கு முன்னால் இதே அரங்கத்துக்கு வாடகைச் சக்கரச் சப்பாத்து எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு வந்தவள். காலையில் கதவு திறக்குமுன் தளத்தைத் துடைப்பாள். துடைத்த தளத்தில் தானே சக்கரம் கட்டி ஓடிப் பார்ப்பாள். ஒருநாள் முதலாளியம்மா மிஸ் லாவ் பார்த்துவிட்டார். ஏசப்போகிறார் என்று நடுங்கிக்கொண்டு நின்றவளிடம், இன்னொரு தடவை சுற்று என்றாராம்.

இன்றைக்கு நடக்கிற போட்டியில் பேராக் மாநிலத்துக்கு ஒரே ஓர் ஆளை எடுக்கிறார்கள். எடுபட்டால் கோலாலம்பூர்ப் போட்டி. இல்லாவிட்டால் திரும்பவும் சப்பாத்து வேலை.

தோட்டத்து லயத்து வீடுகளில் பேசாத பேச்சில்லை. குட்டைப் பாவாடை, விழுந்து எழுகிற ஆட்டம், கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று. சன்னாசி யாருக்கும் பதில் சொன்னதில்லை. லீவு கிடைத்துவிட்டது, வருகிறேன் என்று மகளிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

வந்து என்ன பிரயோசனம்? அத்தனை பேர் முன்னால் அவளைக் கேலிக்கு ஆளாக்கியாயிற்று. இப்போது கால் தடுக்கி விழுந்தாள் என்றால், அது அவர் பிடித்துத் தள்ளி விழுந்ததுதான்.

பாட்டு தொடங்கியது.

சக்கரங்கள் பலகைத் தளத்தில் உறுமின. முதல் தாவலிலேயே அவள் கால் ஆடியது. சன்னாசி பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்தார்.

அவள் விழவில்லை. உடம்பைத் திருப்பி, பின்னோக்கி ஓட ஆரம்பித்தாள்.

அந்த நடை அவருக்குத் தெரியும். பள்ளி விடுமுறையில் அவரோடு பால்மரம் வெட்ட வருவாள். கத்தியை இழுத்துக்கொண்டே மரத்தைச் சுற்றி எட்டு எட்டாகப் பின்வாங்குவாள். காலுக்குப் பின்னால் வேர் கிடக்கும், கல் கிடக்கும். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

இப்போதும் பார்க்கவில்லை.

அப்படியே எழும்பி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒற்றைக் காலில் வந்து இறங்கினாள். பிறகு தளத்தின் நடுவில் நின்ற இடத்திலேயே சுழன்றாள். முகம் தெரியவில்லை, கை தெரியவில்லை. சிவப்பு மட்டும்தான் தெரிந்தது.

நின்றபோது, சற்று முன் விறைத்துக் காட்டியவனே முதலில் எழுந்து கைதட்டினான்.

லூயிஸ் அவன் முதுகைத் தட்டி, சன்னாசியைக் காட்டி, இவர் பெற்ற பெண் என்று மலாயில் இரண்டு தடவை சொன்னான்.

சன்னாசிக்கு அது காதில் ஏறவில்லை. மகள் இன்னும் அவர் பக்கம் பார்க்கவில்லை. எல்லாரும் ஆடி முடிக்கும்வரை மிஸ் லாவ் பக்கத்தில் தலைகுனிந்தே உட்கார்ந்திருந்தாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. முதலிடம்.

"மங்களம் அனாக் பெரெம்புவான் சன்னாசி."

சன்னாசி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கால் எழுந்துவிடப்போகிறதே என்று, இரண்டையும் பெஞ்சுக் காலில் பின்னிக்கொண்டார்.

மங்களம் மேடைக்குப் போகவில்லை. சக்கரத்தோடு நேராக அவர் இருந்த பக்கம் ஓடிவந்து தடுப்புக் கம்பியைப் பிடித்து நின்றாள். மூச்சு வாங்கியது. கண்ணெல்லாம் சிரிப்பு.

"என்னாப்பா, பேரு கூப்புடுறாங்க, வாயப் பொத்திக்கிட்டு இருக்கீங்க? பதில் சொல்லுங்க!"

அரங்கமே மறுபடி திரும்பிப் பார்த்தது. மைக் பிடித்தவரும் காத்திருந்தார்.

சன்னாசி எழுந்தார். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"இருக்கேங்கய்யா!"

கூரைத் தகரம் அதிர்ந்தது.

அன்று விடியுமுன் தோட்டத்துப் பெரட்டில் கிராணி சன்னாசியின் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்திருந்தார்.

பதில் வரவில்லை.