முதுகில் எழுதிய வரி

"அறிவிருக்காம்மா உனக்கு?"

பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு, கையில் கேக் டப்பாவோடு வீட்டுக்குள் காலை வைத்த டிரைவருக்குக் கிடைத்த வரவேற்பு இதுதான். நல்லவேளை, கேள்வி அவருக்கில்லை, அவர் மனைவிக்கு.

கூடத்தில் மகள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். கையில் அவளுடைய பள்ளிக்கூடச் சட்டை, ஈரம் சொட்டச் சொட்ட. கடையில் வாங்கிய அன்றுகூட அது அவ்வளவு வெள்ளையாக இருந்ததில்லை.

இன்றோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. சான்றிதழ் கொடுக்கும் விழாவுக்குத்தான் லீவு கிடைக்கவில்லை, கேக்காவது வாங்கிப் போவோம் என்று ஆசையாக வந்த மனுஷனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னடா கண்ணு, என்னாச்சு?"

"கடைசி நாள் ஒருத்தர் சட்டையில ஒருத்தர் மார்க்கரால எழுதிக் கையெழுத்துப் போடுவோம்னு சொன்னேன்ல? அம்மா துவைச்சிட்டாங்கப்பா! ஒரு எழுத்து மிச்சமில்ல!"

"அடடா! என்னதான் எழுதியிருந்தாங்க?"

"யாருக்குத் தெரியும்? எங்க ஸ்கூல்ல முதுகுலதான் எழுதுவாங்க. வீட்டுக்குப் போய்த்தான் படிக்கணும். நீங்க வந்ததும் எல்லாரும் சேர்ந்து படிக்கலாம்னு மடிச்சு வச்சிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தா..."

மறுபடியும் அழுகை.

டிரைவர் மனைவியைப் பார்த்தார். ஓட்டல் விரிப்புகளைத் துவைக்கும் பெரிய சலவைக்கூடத்தில் கறை எடுப்பது அவள் வேலை. அங்கே பேர் எடுத்தவள். இங்கே வாளியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு நின்றாள்.

"அழுக்குன்னு நெனைச்சுட்டேங்க."

"அழுக்கா? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? உன் வேலை வெறிய வீட்டுலயுமா காட்டணும்? பிள்ளை ஆசையா வச்சிருந்ததை இப்படிப் பாழ் பண்ணிட்டியே!"

பதிலுக்குப் பதில் பேசாவிட்டால் சாப்பாடு செரிக்காதவள், இன்று குனிந்து வாளியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"மத்தவங்க எழுதினதுகூடப் போகட்டும்பா. வாலு எழுதினதும் போச்சே!"

வாலு என்பது வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரியின் பட்டப்பெயர். அந்த வீட்டில் அவள் பேச்சு வராத நாளே கிடையாது.

"அவதான் முதல்ல எழுதினா. சுத்தி நின்னு எல்லாரும் என்னமா சிரிச்சாங்க தெரியுமா! அடுத்த வாரம் அவங்க குடும்பமே வேற ஊருக்குப் போகுது. இனிமே அவளை எங்க பார்க்கப் போறேன்? அவளை விட்டா எனக்கு யாருப்பா சிநேகிதி? அந்த ஒரு வரியை வச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கலாம்னு நெனைச்சேன்..."

டிரைவர் மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார். இந்தப் பெண்ணுக்கு என்ன சமாதானம் சொல்வது?

அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, அவளுக்கே போன் போட்டு என்ன எழுதினேன்னு கேக்கறேன்."

"வேண்டாம்!"

அம்மா போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"போன் எதுக்கு? நான் படிச்சேன்டி."

"படிச்சியா? படிச்சிட்டா துவைச்ச?"

"தண்ணியில முக்கினப்புறம்தான் பார்த்தேன். அதுக்குள்ள கலைய ஆரம்பிச்சிடுச்சு. திட்டுவியோன்னு சொல்லல."

"ஐயோ, சொல்லும்மா! என்ன எழுதியிருந்தா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"'எங்க போனாலும் என் பக்கத்து இடம் உனக்குத்தான். நீ இல்லாம நான் என்னடி பண்ணப் போறேன்'னு எழுதியிருந்தா."

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "லூசு! நேர்ல ஒரு நாள்கூட இப்படிச் சொன்னதில்லம்மா அவ. நானா போய்ப் போய்ப் பேசினாத்தான் பேசுவா. இரு, இப்பவே அவகிட்ட..."

"கேட்டு வைக்காதடி. நேர்ல சொல்ல வெக்கப்பட்டுத்தானே முதுகுல எழுதினா? பாவம், கூச்சப்படுவா."

"ஆமால்ல?" என்றவள், அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "ஸாரிம்மா, ரொம்பத் திட்டிட்டேன்."

ஈரச் சட்டையை நெஞ்சோடு அணைத்தபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டிரைவர் கேக் டப்பாவை மேசைமேல் வைத்தார். இருபது வருஷம் இவளோடு குடித்தனம் நடத்தியவர் அவர். ஏதோ இடித்தது.

"ஏம்மா, மார்க்கர் மை சோப்புத் தண்ணிக்கெல்லாம் போகாது, ஸ்பிரிட் ஊத்தித் தேய்ச்சுத் தேய்ச்சுக் கையே கழண்டு போகுதுன்னு நீதானே புலம்புவ? தண்ணியில முக்கினதும் கலைஞ்சிடுச்சா?"

அவள் கையைப் பார்த்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் தோலுரிந்து சிவந்து கிடந்தது.

"வேணும்னேதான் அழிச்சியா? அந்தப் பொண்ணு அப்படி என்னதான் எழுதியிருந்தா?"

சாத்திய கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"'அப்பாடா! உங்கம்மாகிட்டேருந்து நீ ஒட்டிக்கிட்டு வர்ற பிளீச்சிங் நாத்தத்துல இருந்து எங்களுக்கு இன்னையோட விடுதலை'ன்னு அந்த வாலு எழுதியிருந்தா. அதுக்குக் கீழதாங்க கிளாஸ் மொத்தமும் கையெழுத்துப் போட்டிருந்துச்சு."