பொத்தான் பவளம்

மாமியார் கெட்டிலைச் சாய்த்துவிட்டார். தண்ணீர்தான் இன்னும் மூக்கைத் தாண்டவில்லை.

கீழே, சமையல்மேடையில், ஒரு நீல வாளி. அதற்குள் அவன் சற்று முன் மீன்தொட்டியிலிருந்து எடுத்து வைத்த கல். கல்லை ஒரு இடம் விடாமல் மூடியிருந்தது பவளம், பச்சையும் ஆரஞ்சுமாகச் சட்டைப் பொத்தான்களைக் கொட்டி வைத்த மாதிரி.

பால்கனிக்குப் போய் பிளீச்சிங் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பியவன், சமையலறை வாசலில் அப்படியே நின்றான்.

அந்தக் கல்லில் கொதிநீர் பட்டால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஆவி கிளம்பும். பவளத்தின் விஷமும் அதோடு சேர்ந்து கிளம்பும். மேடை அருகே நிற்பவருக்கு முதலில் மூச்சு முட்டும். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கும் மனைவியையும், பக்கத்து அறையில் மதியத் தூக்கத்தில் இருக்கும் ஐந்து வயது மகளையும் அது விட்டுவைக்கும் என்று சொல்ல முடியாது.

"ஏய், வைடி கீழ!"

சத்தியமாக அது அவன் வாயிலிருந்துதான் வந்தது.

கல்யாணமாகி எட்டு வருடத்தில், 'வாங்க அத்தை', 'சாப்பிட்டீங்களா அத்தை' என்பதற்கு மேல் மாமியாரிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியறியாத மாப்பிள்ளை அவன். அவர் ஊரிலிருந்து போன் செய்தால் எழுந்து நின்று பேசுகிற ஆள். மைத்துனன் இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பான்.

கெட்டில் பாதியில் நின்றது. ஒரு சொட்டு மட்டும் வாளிக்கு வெளியே விழுந்தது.

மாமியார் நிதானமாக கெட்டிலை நிமிர்த்தி, அடுப்புப் பக்கம் தள்ளி வைத்தார். மருத்துவமனையில் முப்பது வருடம் கத்தியும் கத்தரிக்கோலும் வேகவைத்துச் சுத்தம் செய்து ஓய்வு பெற்றவர்.

மடித்த துணியோடு மனைவி ஓடி வந்தாள். யாரைப் பார்த்து 'டி' போட்டீர்கள் என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. பதில்தான் வம்பு.

மாமியாரை டி போட்டவன் என்ற பெயரை ஆயுசுக்கும் சுமக்கலாம். இல்லை, உண்மையைச் சொல்லலாம். கூடத்தில், மகள் மூக்கை ஒட்டிவைத்து வேடிக்கை பார்க்கிற தொட்டியில், இரண்டு வருடமாக விஷத்தை வளர்க்கிறேன் என்று.

மூன்றே மூன்று பொத்தானாகத்தான் அது வீட்டுக்குள் வந்தது. தனிக் கல்லில் வை, சுற்றிலும் வெறும் மணல் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஊர்ந்து போய் எல்லாவற்றையும் மூடிவிடும், வெந்நீர் பக்கமே கொண்டுபோகாதே என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். வீட்டுக்கு வந்து, 'கடல்பூ' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். விஷம் என்று தெரிந்தால் மனைவி தொட்டியோடு சேர்த்து அவனையும் வாசலில் வைத்துவிடுவாள். விளக்குப் போட்டதும் அவை ஒவ்வொன்றாக விரிகிற அழகைப் பார்த்துவிட்டு, விட மனசு வரவில்லை.

அவன் விட்ட ஒரு விரல் அகல மணல் போதவில்லை. பொத்தான்கள் தாண்டி அடுத்த கல்லைப் பிடித்துவிட்டன. அந்தக் கல்லைத்தான் இன்று பிளீச்சிங்கில் ஊறப்போட்டு ஒழித்துவிட நினைத்தான். ரெண்டு நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று மேடைமேல் வைத்துவிட்டுப் போனது அவன் புத்தி.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். மாமியார் முந்திக்கொண்டார்.

கெட்டில் பிடி ஆடிவிட்டதாம். கொதிக்கக் கொதிக்கக் காலில் கொட்டப் பார்த்ததாம். மாப்பிள்ளை பதறிப்போய்க் கத்தினாராம், நல்லவேளை கத்தினாராம்.

மனைவி அம்மாவின் காலைப் பார்த்தாள். அவனை ஒரு முறை முறைத்தாள். அதற்காக டி-யா என்று முணுமுணுத்துக்கொண்டே கூடத்துக்குப் போனாள்.

கெட்டில் பிடி ஆடவே இல்லை. வாங்கிப் பத்து நாள்கூட ஆகாத கெட்டில்.

அழுக்குக் கல் என்று நினைத்து, சும்மா இருக்க முடியாமல் கழுவ வந்தவர் என்றுதான் அதுவரை அவன் நினைத்திருந்தான். இப்போது ஒன்றும் விளங்காமல் அவர் முகத்தைப் பார்த்தான்.

மாமியார் கூடத்தை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பூவைத் தொட யாராவது கண்ணுக்கு ஒரு கண்ணாடி, கைக்கு ரெண்டு உறைன்னு போடுவாங்களா மாப்பிள்ளை? விஷம்னு எனக்குப் போன வருஷம் இங்க வந்தப்பவே தெரியும். அவளுக்குத் தெரிஞ்சா உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா. அதான், நீங்க வெளிய எடுத்ததும், சத்தமில்லாம நானே வேகவெச்சுக் கொன்னுடலாம்னு பாத்தேன்."

அவன் மேடையைப் பிடித்துக்கொண்டான்.

தன்னைக் காப்பாற்றத்தான் இந்த மனுஷி கெட்டிலைத் தூக்கியிருக்கிறார். அழுகை வருகிற மாதிரி இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

வாளியை ஆடாமல் அசையாமல் பால்கனிக்குக் கொண்டுபோய் மூடி வைத்தான். வந்து ஜன்னல்களைத் திறந்தான். பிறகு கூடத்தைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டான்.

மாமியார் வேண்டாம் என்று தலையாட்டினார். அவன் மறுபடியும் கூப்பிட்டான்.

தன் மகள் கூடத்திலிருந்து வரும் காலடிச் சத்தம் கேட்டதும், அவர் மெல்ல நகர்ந்து மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.